வாத்தியார் பெஞ்சுக்கு வந்தார்!

தோழா!

நள்ளிரவிலே மண்டி வாசலில் லாரி பின்வாங்குவதைப் பார்த்திருப்பாய். ஓட்டுநர் உள்ளே இருப்பார். பின்னாலே கும்மிருட்டு. கீழே இறங்கி நின்றுகொண்டு, "வரலாம், வரலாம், ஒடிச்சு வா, இன்னும் வா" என்று குரல் கொடுப்பான் கிளீனர். சுவர் நெருங்கியதும் பக்கப் பலகையில் ஓங்கி ஒரு தட்டு! வண்டி நின்றுவிடும். முதலாளியின் பெயர் கதவிலே இருக்கும். ஓட்டுநரின் பெயர் உரிமத்திலே இருக்கும். கிளீனரின் பெயர் எங்கும் இராது. ஆனால் அவன் கண் மட்டும் இல்லாதிருந்தால் அந்த வண்டி எத்தனை சுவர்களை இடித்துத் தள்ளியிருக்கும்!

அந்தக் கிளீனருக்கு இன்று உலகச் சந்தையிலே விலை பேசுகிறார்கள். எலும்பும் தசையும் கொண்ட கிளீனருக்கு அல்ல. கண்ணாடியாலும் சிலிக்கானாலும் செய்த கிளீனருக்கு! காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காமிரா, பம்பருக்குள்ளே ரேடார், சில வண்டிகளில் கூரை விளிம்பிலே லைடார் என்று ஒரு கருவி. அது லேசர் ஒளியை வீசி, பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரே நிற்பது எவ்வளவு தொலைவு என்று கணக்கிடும். இவை கண்டதையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட ஒரு சிப். கணக்கு முடிந்ததும் பிரேக்குக்குக் கட்டளை, ஸ்டீயரிங்குக்குக் கட்டளை. ஓட்டுநர் துணைக் கருவிகள் என்று இதற்குப் பெயர். கண் ஒருவர் செய்கிறார், மூளை இன்னொருவர் செய்கிறார், எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டித் தன் பெயரை ஒட்டி விற்பவர் கார் முதலாளி. இந்தக் கண்ணையும் மூளையையும் விற்கும் மேனாட்டுக் கம்பெனிகளுக்குத்தான் இன்று சீனாவிலே மூச்சு முட்டுகிறது.

ஏன் சீனா? சந்தை அங்கே இருக்கிறது, அதனால்தான்! 2009-ஆம் ஆண்டே அமெரிக்காவை முந்தி உலகின் மிகப் பெரிய கார்ச் சந்தையாகிவிட்டது அந்த நாடு. 2024-இல் மட்டும் அங்குள்ள கம்பெனிகள் விற்ற வண்டிகள், ஏற்றுமதியையும் சேர்த்து, 3 கோடியே 14 இலட்சம். வண்டிக்கு ஒரு கண் விற்றாலும் 3 கோடிக் கண்! யாருக்குத்தான் நாவிலே நீர் ஊறாது?

போனவர்கள் சாமானியர்களா? போஷ் என்ற ஜெர்மன் கம்பெனி 1886-இல் ஸ்டுட்கார்ட் நகரிலே சிறு பட்டறையாகத் தொடங்கியது. பிரேக் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவியை 1978-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வண்டி வழுக்கினால் தானே நிலைநிறுத்தும் கருவியை 1995-இல் கொடுத்தது. கார் உதிரிப்பாகம் விற்பவர்களில் உலகிலேயே பெரியவர் இவர்தான். இன்னொருவர் இசட்.எஃப்.; செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பற்சக்கரம் செய்துகொடுக்க 1915-இல் பிறந்த கம்பெனி. மூன்றாமவர் கான்டினென்டல், 1871-இல் ஹனோவரில் பிறந்தவர். இவர்கள் பாடம் சொன்னார்கள், உலகம் கேட்டது. இவர்கள் விலை சொன்னார்கள்; உலகம் கொடுத்தது. சீனாவும் அப்படித்தான் கைகட்டி நின்றது, ஒரு காலத்திலே.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1984-இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி ஷாங்காயிலே கூட்டுத் தொழிற்சாலைக்குக் கையெழுத்துப் போட்டது. 1994-இல் சீன அரசு கார்த் தொழிலுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. கார் செய்ய வருகிற வெளிநாட்டானே, வா! ஆனால் தொழிற்சாலையிலே பாதிக்கு மேல் உனக்குப் பங்கில்லை! எங்கள் கம்பெனி ஒன்றோடு கைகோர்த்தால்தான் உள்ளே இடம்! 2018-இல் மின்சாரக் கார்களுக்கும், 2022-இல் மற்றக் கார்களுக்கும் அந்தக் கட்டு தளர்க்கப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தப் பூட்டு தொங்கியது.

"ஆகா, பங்கு கேட்டார்கள், பாடம் கற்றார்கள், பட்டம் வாங்கிவிட்டார்கள்" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதே! அந்தப் பாதிப் பங்கு அவர்களுக்குத் தந்தது பெரும்பாலும் சோம்பல். பெயர் ஜெர்மானியனுடையது, வடிவம் ஜெர்மானியனுடையது, லாபத்திலே பாதி மட்டும் நம்முடையது என்று அரசுக் கம்பெனிகள் சாய்வு நாற்காலியிலே சாய்ந்துவிட்டன. சீனத்தின் முன்னாள் இயந்திரத் தொழில் அமைச்சர் ஹ குவாங்யுவான் 2012-இல் இந்தக் கூட்டுத் தொழில் ஏற்பாட்டை அபினுக்கு ஒப்பிட்டார். பழகியவன் விடமாட்டான் என்றார். அபினை வைத்துத் தங்களை அடிமையாக்கிய வெள்ளையனை மறவாத நாட்டிலே, அந்தச் சொல்லை ஒரு முன்னாள் அமைச்சர் சும்மா எடுத்திருப்பாரா?

பின், மாற்றம் எங்கிருந்து வந்தது? பங்குப் பத்திரத்திலிருந்து அல்ல. பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து வந்தது!

மொபைலை என்று ஒரு கம்பெனி. 1999-இல் ஜெருசலேமிலே தொடங்கியது. ஒற்றைக் காமிராவைக் கொண்டு சாலையைப் படிக்கலாம் என்று காட்டியவர்கள். உலகக் கார்க் கம்பெனிகள் வரிசையில் நின்று வாங்கின. 2017-இல் அமெரிக்காவின் இன்டெல் 1,530 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கியது. சீனாவின் புதிய மின்சாரக் கார்க் கம்பெனிகளும், நியோ, லி ஆட்டோ போன்றவை, அவர்களிடம்தான் முதலில் வாங்கின. சரக்கு நல்ல சரக்கு, அதில் ஐயமில்லை. ஆனால் அதை மூடிய பெட்டியாக விற்றார்கள். சிப்பும் உள்ளே, அதை இயக்கும் மென்பொருளும் உள்ளே. பெட்டியை வாங்கு, பூட்டு, ஓட்டு; உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்காதே! எங்கள் ஊர்ச் சாலையிலே முச்சக்கர வண்டி குறுக்கே வருகிறது, பெட்டி தடுமாறுகிறது, கொஞ்சம் திருத்தவேண்டும் என்று வாங்கியவன் நினைத்தால், விற்றவன் வாசலிலே போய்க் காத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் தோழா, உனக்குத் தெரியும் இந்த எரிச்சல்! பானட்டைத் திறக்காதே, சீல் உடைந்தால் வாரண்டி போச்சு என்று சொல்லும் வண்டியை நீ எத்தனை முறை சபித்திருப்பாய்!

2015-இல் பெய்ஜிங்கிலே ஹொரைசன் ரோபாட்டிக்ஸ் என்று ஒரு கம்பெனி முளைத்தது. பைடு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தை நடத்திய யூ காய் என்பவர் தொடங்கியது. சிப்பை நான் தருகிறேன், கருவிகளையும் தருகிறேன், உள்ளே எழுதவேண்டியதை நீயே எழுதிக்கொள்ளலாம். கூட உட்கார என் ஆட்களையும் அனுப்புகிறேன். இதுதான் அவர்கள் வியாபாரம். 2021-இல் லி ஆட்டோ தன் வண்டியின் புதிய பதிப்பிலே மொபைலையின் சிப்பை எடுத்துவிட்டு ஹொரைசன் சிப்பை வைத்தது. ஒரு சிப் போய் இன்னொரு சிப் வந்தது. பார்ப்பதற்குச் சிறிய செய்தி. 2024 ஆகஸ்டிலே மொபைலை தன் ஆண்டு வருவாய்க் கணக்கைக் குறைத்து அறிவித்தபோது, காரணங்களிலே சீனாவின் பெயரும் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரிலே ஹொரைசனின் பங்குகள் ஹாங்காங் சந்தையிலே ஏறின.

இன்னொரு கதையும் உண்டு. 2019 மே மாதம் ஹுவாவே கம்பெனியை அமெரிக்கா தடைப் பட்டியலிலே போட்டது. தொலைபேசிக்குச் சிப் கிடையாது, மென்பொருள் கிடையாது என்று கதவை அடைத்தார்கள். அதே ஆண்டிலே ஹுவாவே கார்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிற்று. ஒழிந்தான் என்று நினைத்தவர்கள் இன்று பார்க்கிறார்கள்: ஜெர்மனியின் ஆடி கம்பெனி சீனாவில் செய்து விற்கும் கார்களிலே ஹுவாவேயின் ஓட்டுநர் துணைக் கருவி! ஆடிக்குக் கண் கொடுக்க ஜெர்மனியிலே ஆளில்லையா? இருக்கிறார்கள். சீனச் சாலைக்கும் சீன வேகத்துக்கும் சீன விலைக்கும் கொடுக்கத்தான் ஆளில்லை!

இப்போது வாத்தியார்கள் ஒவ்வொருவராகப் பெஞ்சுக்கு வரும் காட்சியைப் பார். ஃபோக்ஸ்வாகன் 2022-இல் ஹொரைசனோடு கூட்டுக் கம்பெனி அமைப்பதாக அறிவித்தது. ஏறக்குறைய 240 கோடி யூரோ போடுவதாகச் சொன்னது. 2023-இல் ஷியாபெங் என்ற சீனக் கார்க் கம்பெனியிலே 70 கோடி டாலருக்குப் பங்கு வாங்கியது. 1984-இல் கார் செய்யக் கற்றுக்கொடுக்கப் போனவர், 2023-இல் கற்றுக்கொள்ளக் கட்டணம் கட்டுகிறார்! மொமெண்டா என்பது 2016-இல் பிறந்த கம்பெனி. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2021-இல் அதிலே 30 கோடி டாலர் போட்டது. டொயோட்டா சீனாவுக்கென்று செய்து 2025 மார்ச்சில் விற்பனைக்கு விட்ட மின்சாரக் காரிலே துணைக் கருவி மொமெண்டாவுடையது.

போஷ் என்ன செய்தது? அது கெட்டிக்காரக் கிழவர், சும்மா இருக்கவில்லை. 1909-லேயே சீனாவில் கடை திறந்தவரல்லவா! வீரைட் என்ற சீனக் கம்பெனியின் மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, செரி கம்பெனியின் காருக்கு 2024-இல் நெடுஞ்சாலைத் துணைக் கருவி கொடுத்தது. 2025-இல் ஹொரைசனின் சிப்பைத் தன் பெட்டிக்குள் வைத்துச் செய்யவும் ஒப்பந்தம் போட்டது. பெட்டியின் மேலே போஷ் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது யாருடைய மூளை?

எல்லாரும் தோற்றார்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அமெரிக்காவின் என்விடியா சிப்புகள் சீனாவின் உயர்விலைக் கார்களிலே இன்னும் ஓடுகின்றன. நியோவும் ஷியாபெங்கும் அதை வாங்கி வாங்கிக் களைத்து, சொந்தமாகச் சிப் வரையத் தொடங்கியிருக்கின்றன. மிக நுண்ணிய சிப்பை அச்சடித்துத் தரும் ஆலைகளுக்கோ சீனா இன்னமும் வெளியே பார்க்கிறது. ஆக, கோட்டை முழுதும் விழவில்லை. சில வாயில்கள்தான் விழுந்தன.

விழுந்த வாயில்களில் ஒன்று லைடார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வெலோடைன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சுழலும் லைடார் ஒன்றுக்கு ஏறக்குறைய 75,000 டாலர் விலை. 2014-இல் தொடங்கிய ஹெசாய் என்ற ஷாங்காய்க் கம்பெனி, 2025-க்குத் தன் சிறிய லைடாரை 200 டாலருக்கும் கீழே தருவதாக அறிவித்தது. இரண்டும் ஒரே தரமான கருவியல்ல. ஒப்பிடுவதிலே கொஞ்சம் அநியாயம் உண்டு. இருந்தாலும் கார் செய்பவனுக்கு எது தேவையோ அதை எவன் விற்றான் என்பதல்லவா கணக்கு! வெலோடைன் 2023-இல் இன்னொரு கம்பெனியிலே கரைந்தது. ஹாம்பர்க் நகரத்து இபியோ 2022-இல் கடனைத் தீர்க்க முடியாமல் நீதிமன்றம் போயிற்று. போஷ் 2023-இல் இனி லைடார் செய்வதில்லை என்று கைவிட்டது. அமெரிக்காவின் லுமினார் 2025 டிசம்பரிலே திவால் மனுப் போட்டது.

விலை வீழ்ச்சிக்கு முரசு கொட்டியவர் பி.ஒய்.டி. 2025 பிப்ரவரி 10-ஆம் நாள், தன் 21 மாடல்களுக்குத் துணைக் கருவி பொருத்துவதாகவும், அதற்குத் தனிக் காசு இல்லையென்றும் அறிவித்தார்கள். அவற்றிலே சீகல் என்ற சின்னக் காரின் அன்றைய விலை 69,800 யுவான். அன்று நம் பணத்தில் எட்டு இலட்சத்துக்குச் சற்று மேல். கருவிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? தேவனின் கண்! பணக்காரன் காருக்கு மட்டும் விற்றுக் கொழுத்த கருவியை இலவச இணைப்பாக்கிவிட்டால், அதையே முழுநேரத் தொழிலாக நம்பியவன் எதை விற்பான்?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. சாலையைப் படித்துக்கொண்டே போகும் கார் ஒரு வகையில் நில அளவை செய்கிறது என்கிறது சீன அரசு. நில அளவை செய்ய வெளிநாட்டுக் கம்பெனிக்கு நேரடி உரிமையில்லை. உரிமம் பெற்ற உள்நாட்டுக் கம்பெனியிடம்தான் கொடுக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டிலே தெளிவாக்கினார்கள். முக்கியமான தகவல்களை உள்நாட்டிலேயே வைக்கவேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் விதி. வா என்றார்கள், கடை போடு என்றார்கள். வீட்டு வரைபடத்தை மட்டும் கையிலே கொடுக்கவில்லை. அமெரிக்கா மட்டும் யோக்கியமா? 2025 ஜனவரியிலே அவர்களும் சீன மென்பொருள் உள்ள இணைப்புக் கார்களுக்குக் கதவைச் சாத்த விதி செய்தார்கள். 2027 மாடல் வண்டிகளிலிருந்து அமல். சுதந்தர வாணிபம் என்று ஊருக்கு உபதேசம் செய்தவர்கள் அவர்கள்!

சரி, சீனத்திலே எல்லாம் வெற்றி முழக்கமா? அங்கே போய்க் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்.

விலையைக் குறை, இன்னும் குறை என்று கார்க் கம்பெனிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டபோது, அந்த வெட்டு யார் முதுகிலே விழுந்தது? உதிரிப்பாகம் செய்து கொடுத்த சீனச் சிறு பட்டறைகளின் முதுகிலே! சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் அரசு கண்ணை உருட்டிய பிறகு, 2025 ஜூன் மாதம் பெரிய கம்பெனிகள் வரிசையாக வந்து, இனி 60 நாளுக்குள் பணம் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தன. வேலை வாங்கியவன் கூலியைக் கொடுப்பேன் என்று அறிக்கை விடவேண்டிய நிலை!

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. 2025 மார்ச் 29 இரவு. ஆன்ஹுய் மாநிலத்து விரைவுச் சாலை. சியோமி கம்பெனியின் கார், துணைக் கருவி வழிநடத்த, மணிக்கு 116 கிலோமீட்டரில் போகிறது. முன்னே சாலை வேலை. பாதை அடைத்து, திருப்பிவிட்டிருக்கிறார்கள். கருவி தடையைக் கண்டு எச்சரித்தது, வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது. ஓட்டியவர் ஸ்டீயரிங்கைக் கையிலெடுத்தார். எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் நடுவே சில வினாடிகள். ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகத்தில் சிமெண்டுத் தடுப்பிலே மோதி வண்டி தீப்பற்றியது. மூவர் மாண்டனர். மூவரும் பல்கலைக்கழக மாணவிகள்.

சில வினாடி! அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து, சாலையைப் பார்த்து, நிலைமையைப் புரிந்து, ஒடித்து, மிதிக்கவேண்டும். இருபது ஆண்டு லாரி ஓட்டியவரைக் கேள், அது போதுமா என்று. சியோமியோடு நிற்கவில்லை இந்தப் பழி. விளம்பரங்கள் எல்லாம் எப்படிப் பேசின? தானே ஓட்டும், அறிவோடு ஓட்டும், கையை விட்டுவிடலாம் என்கிற தொனியிலே பேசின. கிளீனரை ஓட்டுநர் என்று சொல்லி விற்றார்கள்!

ஏப்ரல் 16-ஆம் நாள் சீனத் தொழில் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கம்பெனிகளை அழைத்து உட்காரவைத்தது. தானியங்கி ஓட்டம், அறிவார்ந்த ஓட்டம் என்ற சொற்கள் விளம்பரத்தில் கூடாது. இது எந்த நிலைத் துணை என்பதைச் சொல். வாங்கியவனைச் சோதனை எலியாக்கி அரைவேக்காட்டு மென்பொருளை அனுப்பாதே என்றது. அதே ஆண்டு டிசம்பரிலே, ஓட்டும் பொறுப்பைச் சில நேரம் வண்டியே ஏற்கலாம் என்ற அடுத்த நிலைக்கு இரண்டே இரண்டு மாடல்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். சோங்சிங் நகரில் ஒன்றுக்கு நெரிசலில் 50 கிலோமீட்டர் வேகம் வரை. பெய்ஜிங்கில் மற்றொன்றுக்கு 80 வரை. தேவனின் கண்ணுக்குப் பிறகு இது எவ்வளவு அடக்கமான கணக்கு, பார்த்தாயா!

பழைய வாத்தியார்கள் இங்கேதான் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். வேகத்தில் நீ முந்தினாய். சோதனையில், பொறுப்பில், ஆண்டுக்கணக்கில் பிழையின்றி உழைப்பதில் நாங்கள் இருக்கிறோம் என்கிறார்கள். பிரேக்கைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சல்ல. உயிர் காக்கும் பிரேக்கிலே போஷின் கைத்திறனைக் குறை சொல்லுவார் எவருமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை பலிக்கும் வரைக்கும் தொழிலாளி என்ன சாப்பிடுவான்?

2024 நவம்பரிலே போஷ் அறிவித்தது: ஓட்டுநர் துணைக் கருவியும் மென்பொருளும் செய்யும் பிரிவிலே 2027 முடிவுக்குள் 3,500 வேலைகள் குறையும், ஏறக்குறைய பாதி ஜெர்மனியிலே. தேவை எதிர்பார்த்தபடி வளரவில்லை என்றார்கள். கோவையிலே போஷின் மென்பொருள் கம்பெனிக்குப் பெரிய அலுவலகம் இருப்பதை அறிவாய். இந்தச் செய்தியை அங்கேயும் படித்திருப்பார்கள். இசட்.எஃப். 2024 ஜூலையிலேயே, 2028-க்குள் ஜெர்மனியில் 11,000 முதல் 14,000 வேலைகள் வரை போகும் என்றது. கடன் சுமையிலே அழுந்தி, 2025 டிசம்பரில் தன் ஓட்டுநர் துணைப் பிரிவையே, தென்கொரிய சாம்சங்கின் கையிலுள்ள ஹார்மன் கம்பெனிக்கு 150 கோடி யூரோவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. கான்டினென்டல் தன் கார்ப்பாகப் பிரிவை அவுமோவியோ என்ற புதுப் பெயரிலே 2025 செப்டம்பரில் தனியே வெட்டிவிட்டது. இத்தனைக்கும் சீனா ஒன்றே காரணமல்ல. மின்சாரக் கார் மாற்றம், ஐரோப்பாவிலே மந்தமான விற்பனை, செலவு என்று பல உண்டு. ஆனால் போட்ட கணக்கைத் தவறாகப் போட்டவர்கள் மேல்மாடியிலே இருந்தார்கள். விடை மட்டும் கீழ்த்தளத்துக்கு வந்தது.

ராபர்ட் போஷ் என்ற அந்தப் பழைய முதலாளி 1906-ஆம் ஆண்டிலேயே தன் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தவர். உலகம் பத்து மணி, பன்னிரண்டு மணி என்று பிழிந்துகொண்டிருந்த நாளிலே! அவர் பெயர் தாங்கிய கம்பெனி 2025 செப்டம்பரிலே, கார்ப் பிரிவில் இன்னும் 13,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் ஜெர்மனியில், பலவும் ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிலும். தாத்தா, தந்தை, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே வாயிலில் நுழைந்த குடும்பங்கள் உள்ள ஊர்கள் அவை. அங்கே ஷிப்ட் முடிந்து வெளியே வரும் ஒரு தொழிலாளியிடம் போய், "உன் கம்பெனி சீனாவிலே நல்ல கூட்டாளியைப் பிடித்துவிட்டதாமே" என்று சொல்லிப் பார், தோழா!